பூக்களின் பள்ளத்தாக்கு: கண்டவர்களும் காத்தவர்களும்

இமயமலையில் மரங்கள் வளர்வதற்கு ஓர் உயர எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு மேலே காடு முடிந்துவிடும். அதற்கும் மேலே, என்றும் உருகாத பனி தொடங்குவதற்கு முன்பாக, புல்லும் பூண்டும் மட்டுமே வளரும் பரந்த வெளிகள் உள்ளன. காஷ்மீர மக்கள் இத்தகைய வெளியை ‘மர்க்’ என்பர். இமாசலத்தார் ‘தாச்’ என்பர். உத்தராகண்டத்தின் கார்வால் மலைமக்கள் ‘புக்யால்’ என்பர். ஆண்டின் பெரும்பகுதி இவ்வெளிகள் பனியின்கீழ் உறங்குகின்றன. பனி விலகும் நான்கு மாதங்களுக்குள் முளைத்தல், தழைத்தல், பூத்தல், விதை உதிர்த்தல் என ஒரு வாழ்க்கை முழுவதையும் இங்குள்ள செடிகள் முடித்தாக வேண்டும். அதனாலேயே அங்குப் பூக்கும் பருவம் குறுகியதாயினும் அதன் செழுமை பெரிது.

இவ்வெளிகளுள் உலகெங்கும் பெயர்பெற்றது உத்தராகண்ட மாநிலம் சமோலி மாவட்டத்தில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கு. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் உடைய இப்பள்ளத்தாக்கின் நடுவே, திப்ரா என்னும் பனியாற்றில் பிறக்கும் புஷ்பாவதி ஓடுகிறது. வறண்ட திபெத்தியக் காற்றும் ஈரமிகுந்த பருவமழையும் சந்திக்கும் இடைநிலப் பகுதியாக இது அமைந்திருப்பதால், இரு திசைத் தாவரங்களும் இங்கு இடம்பெற்றுள்ளன. 500-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இங்கு வளர்வதாக ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர்.

இப்பள்ளத்தாக்கைப் பற்றிய பயண வழிகாட்டிகள் பெரும்பாலும் அதன் வரலாற்றை 1931-ஆம் ஆண்டில் தொடங்குகின்றன. அவ்வாண்டில்தான் ஆங்கிலேய மலையேறிகள் அதனைக் ‘கண்டுபிடித்தனர்’ என்பது அவற்றின் கூற்று. ஆயினும் அதற்கு நெடுங்காலம் முன்பே அப்புல்வெளியை அறிந்தவர், அதில் வாழ்ந்தவர், அதற்கென நெறிகள் வகுத்தவர் இருந்தனர். பிறகு சட்டம் வந்து அதனைக் காத்தது. அதே சட்டம் முன்பு காத்தவர்களை வெளியே நிறுத்தியது. ஒரு நிலத்தைக் கண்டவர் யார், காத்தவர் யார், இனிக் காக்க வேண்டியவர் யார் என்னும் வினாக்களுக்கு இப்பள்ளத்தாக்கின் வரலாறு பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

செல்லும் வழி

ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத் செல்லும் நெடுஞ்சாலை அலகநந்தை ஆற்றை ஒட்டியே மேலேறுகிறது. தேவப்பிரயாகை, ருத்திரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை எனும் கூடல்களைக் கடந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் சென்றால் ஜோஷிமட் நகரம் வருகிறது. அதற்கு அப்பால் தௌலிகங்கை வந்து அலகநந்தையில் கலக்கும் விஷ்ணுப்பிரயாகை. மேலும் சிறிது தொலைவில் கோவிந்த்காட் என்னும் சிற்றூர். பத்ரிநாத் செல்வோர் இங்கிருந்து நேரே செல்ல, பூக்களின் பள்ளத்தாக்கை நாடுவோர் ஆற்றைக் கடந்து கிழக்குப் புறமாகப் பிரிகின்றனர்.

கோவிந்த்காட்டிலிருந்து புல்னா சிற்றூர் வரை இப்போது சிறு வண்டிகள் செல்கின்றன. அதன்பின் நடைபாதைதான். நடக்க இயலாதோரைச் சுமக்கக் கோவேறு கழுதைகளும், முதுகில் கூடை கட்டித் தூக்கும் ஆட்களும் உண்டு. லட்சுமண கங்கையின் இரைச்சலைக் கேட்டவாறே நாள் முழுதும் ஏறினால், ஏறத்தாழ 3,050 மீட்டர் உயரத்தில் காங்கரியா என்னும் இடம் வருகிறது. இது ஆண்டு முழுவதும் மக்கள் வாழும் ஊர் அன்று. கோடையில் விழித்துப் பனிக்காலத்தில் மூடிக்கொள்ளும் தங்குமிடம். இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலப்புறம் செங்குத்தாக ஏறுவது சீக்கியர்களின் புனித ஏரியான ஹேம்குண்டுக்குச் செல்கிறது. இடப்புறம் செல்வது பூக்களின் பள்ளத்தாக்குக்கு உரியது.

வனத்துறையின் வாயிலில் அனுமதிச் சீட்டுப் பெற்று நடப்பவர் முதலில் ஓர் இடுக்கான மலைப்பிளவைக் கடக்கிறார். அதில் பூர்ஜ மரங்கள் வெண்மையான பட்டையுடன் நிற்கின்றன. காகிதம் பரவுவதற்கு முன் வடநாட்டில் எழுதுவதற்குப் பயன்பட்டது இம்மரத்தின் பட்டையே. தென்னாட்டில் பனையோலை ஆற்றிய பணியை அங்கு இது ஆற்றியது. அதனருகே ரோடோடென்ட்ரான் புதர்கள் அடர்ந்துள்ளன. நீலகிரியின் சோலைகளில் காட்டுப்பூவரசு என வழங்கும் மரம் இவற்றுக்கு உறவுடையது. பிளவைக் கடந்து திரும்பியதும் மலைச்சுவர்கள் விலகிப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பார்வையில் விரிகிறது. இருபுறமும் பச்சைச் சரிவுகள், அவற்றில் இறங்கும் நீரோடைகள், எதிரே பனி மூடிய சிகரங்கள், காலடியில் முழங்காலளவு உயர்ந்த பூஞ்செடிகள். இவ்வெளி ஏறத்தாழ 3,300 மீட்டர் உயரத்திற்கு மேல் உள்ளது. இதனைச் சூழ்ந்த சிகரங்களுள் ஒன்றின் பெயர் நீலகிரி பர்பத் என்பதைக் கேட்கும் தமிழர்க்கு அப்பெயர் அந்நியமாகத் தோன்றாது.

பெயர் சூட்டப்படும் முன்

கோவிந்த்காட்டுக்கும் காங்கரியாவுக்கும் இடைப்பட்ட புல்னா, பியூந்தார் ஆகிய இரண்டும் ஒரே மக்களின் ஊர்கள். பனிக்காலத்தில் கீழுள்ள புல்னாவிலும், கோடையில் மேலுள்ள பியூந்தாரிலும் அவர்கள் வாழ்ந்தனர். உருளைக்கிழங்கு, கீரைத்தண்டு இனத்துத் தானியம், பயறு ஆகியவற்றைப் பயிரிட்டனர். பனி உருகியதும் ஆடுமாடுகளை மேலே ஓட்டிச் சென்று, புஷ்பாவதிக் கரையின் புல்வெளியில் மேயவிட்டு, பனி திரும்புவதற்கு முன் இறங்கிவந்தனர். பள்ளத்தாக்கு முழுவதையும் அவர்கள் தங்கள் ஊரின் பெயராலேயே பியூந்தார் என்றழைத்தனர்.

மலைக்கு அப்பால் நீத்தி, மானா பள்ளத்தாக்குகளில் போட்டியா என்னும் மக்கள் வாழ்ந்தனர். தானியத்தை ஆடுகளின் முதுகில் ஏற்றிக் கணவாய் கடந்து திபெத்துக்குக் கொண்டுசென்று, உப்பும் கம்பளி மயிரும் கொண்டுவருவது அவர்களின் தொழில். 1962-ஆம் ஆண்டின் எல்லைப் போருக்குப் பின் அவ்வாணிகம் நின்றுபோயிற்று. இவ்வாறு இம்மலைகளில் மேய்ச்சலும் வாணிகமும் வழிபாடும் நூற்றாண்டுகளாக நடந்துவந்தன. யாரும் காணாத நிலமாக அது ஒருபோதும் இருந்ததில்லை.

அந்நிலத்திற்கென எழுதப்படாத நெறிகளும் இருந்தன. உயரமான புல்வெளிகளில் ஆஞ்சரிகள் என்னும் வனதேவதைகள் உலவுவதாகக் கார்வால் மக்கள் நம்பினர். அங்கே உரக்கக் கூவுதலும், பளிச்சிடும் நிற ஆடையுடன் திரிதலும் அத்தேவதைகளின் சினத்திற்கு உரியவை எனக் கருதப்பட்டன. பாறைகளிடையே பூக்கும் பிரம்ம கமலத்தை நந்தாதேவிக்குச் சாத்துவது மரபு. ஆயினும் நந்தாஷ்டமி வருவதற்கு முன் அதனைப் பறிக்கலாகாது என்பது கட்டுப்பாடு. நந்தாஷ்டமி ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பரிலோ வருவது. அதற்குள் செடி தன் பூக்கும் பருவத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிடும். நம்பிக்கையின் வடிவில் இருந்த இக்கட்டுப்பாடு, அதன் விளைவில் ஒரு பாதுகாப்பு விதியாகவே அமைந்தது. ஓசையின்றி நடத்தல், வேண்டிய அளவே எடுத்தல், உரிய காலம் வரை கைவையாதிருத்தல் ஆகிய மூன்றும் அரசாணை எதுவும் பிறப்பதற்கு முன்பே அங்கு வழக்கில் இருந்தன.

இப்பள்ளத்தாக்கைப் புராணங்களோடு இணைக்கும் செவிவழிக் கதைகளும் பல. நந்தன கானனம் என்றும் கந்தமாதனம் என்றும் இதனை அழைப்பர். இலக்குவனுக்கு உயிரளித்த சஞ்சீவினி மூலிகை இப்பகுதி மலைகளிலிருந்தே எடுக்கப்பட்டது என்பர். கம்பராமாயணத்தின் மருத்துமலைப் படலத்தை அறிந்த தமிழர்க்கு இக்கதை புதிதன்று. இதே சமோலி மாவட்டத்தின் துரோணகிரி சிற்றூரில், தங்கள் மலையைப் பெயர்த்துச் சென்றவர் என்னும் மனத்தாங்கலால் அனுமனை வழிபடாத வழக்கம் இன்றும் உள்ளது. தம் மலையிலிருந்து ஒன்று எடுத்துச் செல்லப்பட்டது என்னும் குறை இவ்வாறு ஒரு வழக்கமாகவே நிலைத்துவிட்டது.

மழையில் கண்ட மலர்வெளி

1931-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், ஃபிராங்க் ஸ்மைத் தலைமையில் வந்த ஆங்கிலேயக் குழு 7,756 மீட்டர் உயரமுள்ள காமெட் சிகரத்தை எட்டியது. அதுவரை மனிதர் ஏறிய சிகரங்கள் அனைத்திலும் உயரமானது அதுவே. ஸ்மைத்துடன் எரிக் ஷிப்டன், ஹோல்ட்ஸ்வொர்த் ஆகியோரும், லேவா என்னும் ஷெர்பாவும் அன்று உச்சியை அடைந்தனர். திரும்பும் வழியில் அக்குழு தௌலிகங்கைப் பக்கத்துக் கம்சாலி சிற்றூரிலிருந்து 5,000 மீட்டரைத் தாண்டிய பியூந்தார் கணவாயைக் கடந்து இப்பால் இறங்கியது. மழையும் மூடுபனியும் குளிர்காற்றும் சூழ்ந்திருந்த வேளையில், பனிச்சரிவுகளுக்குக் கீழே பூக்கள் நிறைந்த வெளியொன்றில் அவர்கள் வந்து நின்றனர். குழுவில் தாவரவியல் அறிந்தவர் ஹோல்ட்ஸ்வொர்த். அங்கே கண்டவற்றை அவர் அடையாளம் கூறக் கூற, ஏனையோரின் வியப்பு பெருகிற்று. அன்று அவர்கள் இட்ட பெயரே ‘பூக்களின் பள்ளத்தாக்கு’.

அக்காட்சி ஸ்மைத்தின் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1937-இல், மலையேற்றத்தையும் தாவரச் சேகரிப்பையும் நோக்கமாகக் கொண்டு மீண்டும் வந்தார். மழைக்காலம் முழுவதையும் அடக்கிய சில மாதங்களை அப்பகுதியிலேயே கழித்தார். எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்திற்காகச் செடிகளையும் விதைகளையும் சேகரித்தார். இடையே நீலகிரி பர்பத்தின் உச்சியிலும், 7,272 மீட்டர் உயரமுள்ள மானா சிகரத்திலும் ஏறினார். அவர் எழுதிய ‘பூக்களின் பள்ளத்தாக்கு’ என்னும் ஆங்கில நூல் 1938-இல் வெளிவந்தது. அந்நூலின் வழியே அம்மலைவெளியின் பெயர் உலகெங்கும் பரவியது.

ஸ்மைத்தின் பங்கு குறைத்து மதிப்பிடத்தக்கது அன்று. அவர் எழுதியிராவிட்டால், பிற்காலத்தில் அப்பள்ளத்தாக்கைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் அரசுக்குத் தோன்றியிருக்குமா என்பது ஐயமே. எனினும் அவர் வந்த வழிகள் மேய்ப்பர்கள் நடந்து தேய்த்த வழிகள். அவர் தங்கிய வெளிகள் அவர்கள் மந்தையை நிறுத்திய வெளிகள். பெயர் சூட்டியவரை உலகம் அறியும்; அவருக்கு முன் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தவர்களின் பெயர்களோ எந்த நூலிலும் இடம்பெறவில்லை.

மலர் தேடி வந்தவரின் கல்லறை

ஸ்மைத்தின் நூல் வெளிவந்த மறு ஆண்டில் ஜோன் மார்கரெட் லெக் என்னும் ஆங்கிலப் பெண்மணி அங்கு வந்தார். ஐம்பது வயதைக் கடந்திருந்த அவர் செடிகளைச் சேகரிப்பதில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். 1939 ஜூலை 4 அன்று, பாறைச் சரிவில் மலர்களைச் சேகரித்துக்கொண்டிருந்தபோது கால் இடறி விழுந்து உயிர்நீத்தார். அவருடைய உடல் பள்ளத்தாக்கிலேயே அடக்கம் செய்யப்பட்டது. பின்னர் அவருடைய சகோதரி அங்கு வந்து நினைவுக்கல் ஒன்றை நாட்டினார்.

நுழைவாயிலிலிருந்து உள்ளே சில கிலோமீட்டர் நடப்பவர் இன்றும் அக்கல்லறையைக் காணலாம். சுற்றிலும் வேலியோ மண்டபமோ இல்லை. பூஞ்செடிகளே அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. மொழியும் சமயமும் வேறுபட்ட பயணிகள் அங்கே சற்று நின்று செல்கின்றனர். சிலர் அங்கு மலர் வைத்துச் செல்வதும் உண்டு. ஆனால் அப்பள்ளத்தாக்கில் இன்று ஒரு மலரையும் பறிக்கலாகாது. மலர் பறிக்க வந்து உயிர்நீத்தவரின் கல்லறை, பறிக்கலாகாத மலர்களின் நடுவே இருப்பது காண்போர் சிந்தனைக்கு உரியது.

ஏரியைத் தேடி வந்தவர்கள்

மலையேறிகள் மலர்களைக் கண்ட அதே காலத்தில், வேறொரு தேடலும் அப்பகுதியில் நடந்தது. பத்தாம் சீக்கிய குருவான குரு கோவிந்த் சிங்கின் ‘பசித்தர் நாடக்’ நூலில் ஏழு சிகரங்கள் சூழ்ந்த ஹேம்குண்ட் என்னும் தவநிலம் குறிக்கப்படுகிறது. அவ்விடத்தைத் தேடிய சந்த் சோகன் சிங், 1930-களில் காங்கரியாவுக்கு மேலுள்ள ஏரியையே அத்தவநிலமாக அடையாளம் கண்டார். 4,300 மீட்டர் உயரத்திற்கு மேற்பட்ட அந்த ஏரிக்கரையில் சிறு வழிபாட்டிடம் ஒன்று எழுந்தது. பிற்காலத்தில் அது பெரிய குருத்வாராவாக வளர்ந்தது. மலைமக்களுக்கு அந்த ஏரி முன்பே லோக்பால் என்னும் பெயரில் புனிதமானது. அதன் கரையில் இலக்குவனுக்கு ஒரு கோயிலும் உண்டு. இரு வழிபாடுகளும் இன்று அருகருகே நடைபெறுகின்றன.

காங்கரியாவின் வளர்ச்சிக்கு மலர்களைவிட இவ்வழிபாடே முதன்மைக் காரணம். கோடைதோறும் லட்சக்கணக்கான அடியார்கள் அப்பாதையில் ஏறுகின்றனர். அவர்களுக்கு உணவும் தங்குமிடமும் அளிப்பதும், சுமை தூக்குவதும் பியூந்தார் மக்களின் புதிய வாழ்வாதாரமாயின. அதனுடன் பாதையோரக் குப்பையும் பெருகிற்று. அக்குப்பையை அகற்றும் பணியையும் பின்னர் அவ்வூர் மக்களே ஏற்றனர். வனத்துறையுடன் இணைந்த பியூந்தார் சூழல் மேம்பாட்டுக் குழு, பயணிகள் விட்டுச்செல்லும் நெகிழிப் பொருள்களைத் திரட்டிக் கீழே அனுப்பும் பணியை ஆற்றிவருகிறது.

மலர்க்காலமும் மருந்தும்

ஜூன் மாதத்தில் பனி உருகத் தொடங்கியதும், ஈரம் காயாத மண்ணைப் பிளந்துகொண்டு பிரிமுலா, அனிமோன் போன்றவை முதலில் தலைகாட்டுகின்றன. ஜூலையில் ஜெரேனியமும் பொட்டன்டில்லாவும் சரிவுகளை நிறைக்கின்றன. பாறை இடுக்குகளில் நீலக் கசகசா இனத்து மலர் பூக்கிறது. முட்கள் நிறைந்த தண்டின்மேல் வானின் நிறத்தில் மலரும் அதனைக் காணவே பலர் வருகின்றனர். ஆகஸ்டில் இளஞ்சிவப்புக் காசித்தும்பை இனச் செடிகள் ஆளுயரத்திற்கு எழுகின்றன. செப்டம்பரில் பூக்கள் ஓய்ந்து விதைகள் முதிர, வெளி பொன்னிறமாகிறது. ஒரு மாதம் கழித்து வருபவர் காண்பது வேறொரு பள்ளத்தாக்கு எனலாம்.

தமிழகத்து வீடுகளில் பிரம்ம கமலம் என்னும் பெயரில் தொட்டிகளில் வளர்த்து, நள்ளிரவில் பூக்கும்போது அண்டை அயலாரை அழைத்துக் காட்டும் செடி அமெரிக்கக் கண்டத்துக் கள்ளி இனம். இமயத்தின் பிரம்ம கமலம் அதனின் வேறானது. அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சார்ந்தது. மெல்லிய மஞ்சள் கலந்த வெண்ணிற இலைச்செதில்கள் கிண்ணம்போல் மூடி, உள்ளிருக்கும் ஊதா மலர்த்திரளைக் குளிரிலிருந்து காக்கின்றன. ஹேம்குண்ட் ஏரியைச் சூழ்ந்த பாறைகளில் அதனை மிகுதியாகக் காணலாம்.

இமயப் புல்வெளிகளுக்கும் தமிழகத்துக்கும் வேறொரு பழைய உறவும் உண்டு. சித்த மருத்துவத்தில் வழங்கும் கடுகுரோகணி, அதிவிடயம் ஆகிய இரண்டும் தமிழ் மண்ணில் விளைவன அல்ல. இமயத்தின் உயர்ந்த புல்வெளிகளில் வளரும் செடிகளின் வேர்ப்பகுதிகளே அவை. மலைமக்களின் கைகளில் தோண்டப்பட்டு, வணிகர் பலர் கை மாறி, தமிழகத்து நாட்டு மருந்துக் கடைகளுக்கு அவை வந்து சேர்ந்தன. குழந்தையின் வயிற்றுக் கோளாறுக்கும் காய்ச்சலுக்கும் மருந்தாக அவற்றை உரைத்துக் கொடுத்த பாட்டிமார் பலர், அவை எந்த மலையில் விளைந்தவை என்பதை அறிந்திரார். இவற்றின் தேவை பெருகப் பெருக, வேரோடு தோண்டுவது அளவு கடந்தது. தழையைக் கிள்ளினால் செடி மீண்டும் தழைக்கும். வேரையே எடுத்துவிட்டால் மீளாது. அதனால் இவ்விரு செடிகளும் இன்று அழிவின் விளிம்பை நெருங்கியுள்ளன. பாதுகாக்கப்பட்ட வெளிகளே அவற்றுக்கு எஞ்சியுள்ள புகலிடங்களுள் முதன்மையானவை.

சட்டமும் அதன் விளைவும்

1982-ஆம் ஆண்டில் 87.5 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து உள்ளே கால்நடை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. கூடாரம் அமைத்தலும் இரவு தங்கலும் விலக்கப்பட்டன. 1988-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட நந்தாதேவி தேசியப் பூங்காவுடன், 2005-இல் பூக்களின் பள்ளத்தாக்கையும் யுனெஸ்கோ இணைத்தது. கத்தூரி மானுக்கும், பனிச்சிறுத்தைக்கும், நீலாட்டுக்கும், பன்னிறத் தோகையுடைய மோனால் பறவைக்கும் அது பாதுகாப்பான உறைவிடமாயிற்று.

தடையின் பயன் வெளிப்படையானது. மலர்களின் மிதிபாடு குறைந்தது. மருந்து வேர்களைத் தோண்டுவது கட்டுப்பட்டது. ஆயினும் எதிர்பாராத விளைவு ஒன்றும் தோன்றிற்று. பாலிகோனம் என்னும் உயரமான செடி பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் பெருகிப் பரவியது. ஆளுயரம் வளர்ந்து நிழல் பரப்பும் அதன்கீழ்ச் சிறு மலர்ச்செடிகள் வாழ இயலுவதில்லை. ஆடுமாடுகள் மேய்ந்து கட்டுப்படுத்தி வந்த செடி, அவை நின்றபின் தடையின்றி வளர்ந்தது என்று ஒரு சாரார் கூறினர். அச்செடி மிகுந்திருப்பது பழைய மந்தை நிறுத்துமிடங்களிலும் மண் சரிந்த இடங்களிலுமே. ஆகவே அது பழைய மேய்ச்சலின் எச்சமேயன்றித் தடையின் விளைவன்று எனப் பிறிதொரு சாரார் மறுத்தனர். சரிந்த மண்ணைப் பிடித்து நிறுத்துவதிலும் அச்செடிக்குப் பங்குண்டு என்று அவர்கள் சுட்டினர். வாதம் எவ்வாறாயினும், வனத்துறை ஆட்களை அமர்த்தி அச்செடியைக் களைந்தெடுக்க வேண்டியதாயிற்று. மனிதக் கை முற்றிலும் விலகினால் இயற்கை தானே பழைய நிலைக்கு வந்துவிடும் என்னும் எளிய எண்ணம் இங்கே பொருந்தவில்லை.

மக்களின் இழப்பு வேறு வகையானது. மேய்ச்சல் நின்றதால் பியூந்தார் மக்களின் மந்தைகள் குறைந்தன. அவர்களுக்காவது ஹேம்குண்ட் பாதை மாற்று வாழ்வைத் தந்தது. அருகிலுள்ள நந்தாதேவிப் பகுதி மக்களுக்கு அத்தகைய மாற்று வழியும் இல்லை. 1974 மார்ச்சில் கௌரா தேவி தலைமையில் ரேணி சிற்றூரின் பெண்கள் மரங்களைத் தழுவி நின்று வெட்டுவோரைத் திருப்பியனுப்பியதை நாடு அறியும். சிப்கோ இயக்கத்தின் சிறப்புமிக்க நிகழ்ச்சி அது. காட்டைத் தம் தாய்வீடு எனக் காத்த அம்மக்களுக்கே, சில ஆண்டுகளுக்குள் நந்தாதேவிப் பூங்காவின் உட்பகுதி மூடப்பட்டது. 1998-இல் லாதா முதலிய ஊர்களின் மக்கள் ‘ஜப்தோ சீனோ’ என்னும் இயக்கம் நடத்தித் தம் உரிமையை வலியுறுத்தினர். 2001-இல் லாதாவில் கூடி, தம் நிலத்தில் நடக்கும் சுற்றுலா இயற்கைக்கும் ஊர்மக்களுக்கும் ஊறு செய்யாததாக அமைய வேண்டும் என ஓர் அறிக்கையும் வெளியிட்டனர். அவர்கள் கேட்டது அழிக்கும் உரிமையை அன்று. காக்கும் பணியில் தமக்கும் ஓர் இடத்தையே.

நீதிமன்றமும் இதில் தலையிட்டது. உத்தராகண்ட உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டில், மாநிலத்தின் புக்யால்களில் இரவு தங்குவதைத் தடைசெய்து, பயணிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு விதித்தது. கூடாரங்களும் குப்பையும் பெருகி வேறு பல புல்வெளிகள் சீரழிந்ததே அதற்குக் காரணம். பூக்களின் பள்ளத்தாக்கில் முன்பே வழங்கிவந்த விதி, இவ்வாறு பிற புல்வெளிகளுக்கும் பரவியது.

வெள்ளத்திற்குப் பின்

2013 ஜூன் நடுவில் பெய்த பெருமழை உத்தராகண்டத்தையே உலுக்கியது. லட்சுமண கங்கை பெருக்கெடுத்துப் பியூந்தார் சிற்றூரை அழித்தது. புல்னாவும் கோவிந்த்காட்டும் பெருஞ்சேதமுற்றன. பாலங்களும் பாதைகளும் அடித்துச் செல்லப்பட்டன. காங்கரியாவில் சிக்கியவர்கள் ஹெலிகாப்டர்களில் மீட்கப்பட்டனர். பாதை மீண்டும் அமைக்கப்பட்டு, பயணம் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் ரிஷிகங்கையில் பாய்ந்த வெள்ளமும், 2023 தொடக்கத்தில் ஜோஷிமட் நகரின் வீடுகளில் தோன்றிய விரிசல்களும், அம்மலைநாடு எத்துணை நொய்ம்மையானது என்பதை மீண்டும் உணர்த்தின. பியூந்தார் வழிந்தோடியபோது, அப்பள்ளத்தாக்குக்குத் தன் பெயரைத் தந்த ஊரே இல்லாமற்போயிற்று. அதன் மக்கள் மட்டும் இன்றும் அப்பாதையில் சுமை தூக்குகின்றனர், உணவு சமைக்கின்றனர், வழிகாட்டுகின்றனர்.

குடும்பத்துடன் அங்குச் செல்ல விரும்புவோர் அறிய வேண்டியவை சில. பூங்கா ஜூன் தொடக்கம் முதல் அக்டோபர் இறுதி வரை திறந்திருக்கும். மலர் மிகுந்த பருவம் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதி வரை. அதுவே மழையும் மண்சரிவும் மிகுந்த பருவமாதலால், பயணத் திட்டத்தில் ஓரிரு நாள்களைக் கூடுதலாக ஒதுக்குவது நன்று. உயரத்திற்கு உடல் பழக, காங்கரியாவில் ஓர் இரவேனும் தங்கிய பின் மேலே செல்வது நலம். முதியோரும் மூச்சு, இதயக் கோளாறு உடையோரும் மருத்துவரைக் கேட்டே புறப்பட வேண்டும். பள்ளத்தாக்கினுள் உணவுக்கடை எதுவும் இல்லை. கொண்டுசெல்லும் உணவின் உறையையும் தோலையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். வகுத்த பாதையைவிட்டு விலகி நடந்தால், மிதிபடுவது ஓராண்டின் நான்கே மாதங்களில் வாழ்ந்து முடிக்க வேண்டிய உயிர். ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டால், செடிகளின் பெயர்களையும் அவற்றின் கதைகளையும் அறியலாம். அம்மலையை இத்தனை காலம் அறிந்து வைத்திருந்தவர்களுக்கு உரிய ஊதியமும் சேரும்.

பிற்பகல் கழிவதற்குள் பயணிகள் அனைவரும் வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. காலையில் பதிவேட்டில் பெயர் எழுதியவர் யாவரும் திரும்பினரா என்பதை வாயிலில் உள்ள காவலர் சரிபார்க்கிறார். ஸ்மைத்துக்கு மாதக்கணக்கில் தங்கும் வாய்ப்பு இருந்தது. மேய்ப்பர்க்குக் கோடை முழுவதும் தங்கும் உரிமை இருந்தது. இன்று வருபவர்க்குக் கிடைப்பது ஒரு பகற்பொழுது மட்டுமே. அப்பொழுதில் ஒரு பூவையும் பறியாது, ஓர் ஒலியையும் மிகையாக எழுப்பாது, ஒரு துண்டுக் குப்பையையும் விடாது திரும்புபவர், ஆஞ்சரிகளுக்கு அஞ்சி நடந்த பழைய மேய்ப்பர்களின் நெறியையே பின்பற்றுகிறார். அந்நெறி அவரிடமிருந்து அடுத்து வருவோர்க்கும் சென்று சேர்தல் வேண்டும்.